ஈரம் பட்டால் வெறும் மண்

டயாட்டம் என்பது ஒரே ஒரு செல்லால் ஆன பாசி. கடலிலும் ஏரியிலும் நெல்வயலில் தேங்கிய நீரிலும் ஈரம் காயாத சுவரிலும் அது வாழ்கிறது. நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கண்ணாடி ஓட்டைக் கட்டிக்கொள்வது அதன் தனித்தன்மை. அந்த ஓடு இரண்டு பாதிகளால் ஆனது. சிமிழும் அதன் மூடியும் போல ஒன்று மற்றொன்றின் மேல் பொருந்தி நிற்கும். இரண்டாக வெட்டப்பட்டது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அதன் பெயரே வந்தது. ஓடு முழுவதும் வரிசை பிசகாத நுண்துளைகள். அவற்றின் ஒழுங்கு அவ்வளவு துல்லியமானது என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுண்ணோக்கி வாங்குவோர் அதன் வில்லை தரமானதுதானா என்று பார்க்க டயாட்டம் ஓடுகளையே வைத்துச் சோதித்தார்கள்.

பாசி செத்தால் உடல் அழுகிப்போகும். கண்ணாடி ஓடு அழுகாது. அது நீரின் அடியில் படியும். பல லட்சம் ஆண்டுகள் இப்படிப் படிந்து, பிறகு நீர் வற்றியோ நிலம் மேலெழும்பியோ வெளியே வந்த படிவுதான் டயாட்டம் மண். கலிஃபோர்னியாவின் லொம்பாக் நகருக்கு அருகில் இருப்பது கடலடியில் உருவான படிவு. உலகின் பெரிய சுரங்கங்களில் ஒன்று அங்கே இயங்குகிறது. டென்மார்க்கின் ஃபூர், மோர்ஸ் தீவுகளில் களிமண் கலந்த படிவு உண்டு. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் பொடேலே என்ற பள்ளம் ஒரு காலத்தில் மாபெரும் ஏரியின் அடிப்பகுதியாக இருந்தது. இன்று அங்கே காற்று வாரி வீசும் வெண்புழுதியில் பெரும்பகுதி டயாட்டம் ஓடுகளே. ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் இந்தப் படிவைப் பாளமாக வெட்டி, குடைந்து, சுட்டு, கரி அடுப்பு செய்கிறார்கள். உள்ளே கரி கனன்றாலும் வெளிப்புறம் அவ்வளவாகச் சுடாது. பாளத்தின் பருமனில் பெரும்பங்கு துளைகளுக்குள் அடைபட்ட காற்று; காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

இந்தத் துளைகளே மண்ணின் வரலாற்றையும் எழுதின. ஜெர்மனியின் லூனெபர்க் பகுதியில் 1830-களில் கண்டெடுக்கப்பட்டபோது அதற்குக் கீசல்கூர் என்று பெயர். ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினை அந்த மண்ணில் ஊறவைத்தார். மூன்று பங்கு திரவத்தை ஒரு பங்கு மண் குடித்துக்கொண்டது. லேசாக அதிர்ந்தாலே வெடிக்கும் திரவம் கையில் எடுத்து உருட்டக்கூடிய மாவானது. 1867-ல் காப்புரிமை பெற்ற டைனமைட் அதுதான். அதே ஜெர்மனியில், இந்த மண்ணை வெட்டியெடுக்கும் சுரங்கம் வைத்திருந்த வில்ஹெல்ம் பெர்க்கஃபெல்ட், 1891-ல் மண்ணைச் சுட்டுக் குழல் வடிவில் ஒரு வடிகட்டி செய்தார். அடுத்த ஆண்டு ஹாம்பர்க்கில் காலரா பரவியபோது அது பெயர் பெற்றது. வீடுகளில் எவர்சில்வர் ஃபில்டருக்குள் நிற்கும் வெள்ளை கேண்டிலுக்கு அந்தக் குழல் ஒரு மூதாதை. பீர், சர்க்கரைப் பாகு, எண்ணெய், நீச்சல்குள நீர் என்று இன்று உலகம் தெளியவைக்கும் திரவங்கள் பலவும் இந்த மண்ணின் வழியே ஓடுகின்றன.

வீட்டுக்கு இந்தத் தூளை வாங்குபவர் முதலில் கவனிக்க வேண்டியது, ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன என்பதை. வெட்டி உலர்த்தி அரைத்தது ஒன்று. அதில் உள்ள சிலிக்கா படிக வடிவம் பெறாதது. பெரும்பாலும் 80 முதல் 90 சதவீதம் சிலிக்கா, மீதி களிமண்ணும் இரும்பு ஆக்சைடும். உணவுத் தரம் என்று குறிக்கப்படுவது இதில் தூய்மையானது. மற்றது, வடிகட்டுவதற்காகச் சுமார் 900 டிகிரி செல்சியசுக்கு மேல் சூளையில் சுடப்பட்டது. அந்தச் சூட்டில் சிலிக்காவின் கணிசமான பகுதி கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறிவிடுகிறது. நீச்சல்குளக் கடையில் கிடைப்பது இந்த வகை. நுரையீரலுக்குள் போனால் படிகச் சிலிக்கா சிலிக்கோசிஸ் நோயைத் தரும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. விலை மலிவு என்று குளத்துத் தூளை வாங்கிக் கோழிக்கூட்டில் தூவுவது இந்த மண்ணின் பயன்பாட்டில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு. அதன் துளைகள் சூட்டில் உருகி அடைபட்டிருப்பதால் பூச்சியை ஒழிப்பதிலும் அது பின்தங்கியதே.

பூச்சியின் உடல் முழுவதும் மிக மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதன் உடம்பு சிறியது. சிறிய உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம். அந்த மெழுகு மட்டும் இல்லையென்றால் வெயிலில் விட்ட ஈரத்துணி போல அது உலர்ந்துவிடும். டயாட்டம் தூள் குலைப்பது இந்த மெழுகைத்தான். எப்படி என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. பூச்சி உடலியலின் தந்தை எனப்படும் வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த் 1940-களில், கூரிய தூளின் மீது ஊரும் பூச்சியின் மெழுகு சிராய்க்கப்படுவதையும் அந்த வழியாக நீர் வெளியேறுவதையும் காட்டினார். கலிஃபோர்னியாவின் வால்டர் எபெலிங் பின்னர் வேறொன்றைக் கண்டார்: சிராய்க்கும் வலிமையே இல்லாத மென்மையான சிலிக்காத் தூள்களும் பூச்சியைக் கொன்றன, சில சமயம் இன்னும் விரைவாக. அவை மெழுகை உறிஞ்சி எடுத்தன. நைட்ரோகிளிசரினைக் குடித்த அதே வேலை. இன்று உறிஞ்சுதலே முதன்மைக் காரணமாகவும் சிராய்ப்பு துணைக் காரணமாகவும் கொள்ளப்படுகிறது. கண்ணாடித் துண்டுகள் பூச்சியை அறுத்துப்போடுகின்றன என்று விளம்பரங்கள் வரையும் சித்திரம் கேட்கச் சுவாரசியமானது; உண்மையில் நடப்பது அறுப்பல்ல, உலர்த்தல். உடல்நீரில் ஏறத்தாழ 60 சதவீதத்தை இழக்கும்போது பூச்சி இறக்கிறது.

இந்த ஒரு விவரம் கையில் இருந்தால், தூளைப் பற்றிச் சொல்லப்படும் நூறு பயன்களில் எது மெய், எது வெறும் பேச்சு என்று பெரும்பாலும் கணித்துவிடலாம். உலர்ந்த இடத்தில்தான் அது வேலை செய்யும். துளைகளில் தண்ணீர் புகுந்தால் மெழுகுக்கு இடமில்லை. பூச்சிக்குக் குடிக்க நீரோ ஈரமான இரையோ கிடைத்தால் இழந்ததை அது ஈடுகட்டிக்கொள்ளும். வெப்பம் கூடினால் பூச்சி அதிகம் நடமாடும், நீரையும் வேகமாக இழக்கும். தூளின் வலிமை கூடும். நஞ்சு அல்ல என்பதால் தூவிய உடனே எதுவும் நடக்காது. பல நாள், சில சமயம் இரண்டு வாரம் ஆகும். அதே காரணத்தால், வேதிமருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற பூச்சியும் இதற்குத் தப்புவது அரிது. தூள் கிடக்கும் வரை, அது உலர்ந்திருக்கும் வரை, அதன் வேலையும் தொடரும்.

இந்த நிபந்தனைகள் எல்லாம் ஒருசேர அமைகிற இடம் தானியச் சேமிப்பு. நன்றாகக் காய்ந்த தானியத்தில் ஈரம் 12 சதவீதம் அளவில்தான் இருக்கும். மழையோ காற்றோ உள்ளே வராது. வண்டு தானியங்களுக்கு நடுவே உரசிக்கொண்டுதான் நடந்தாக வேண்டும். அமெரிக்காவில் இந்தத் தூள் 1960-லேயே பூச்சிக்கொல்லியாகப் பதிவானது. ஆஸ்திரேலியாவில் காலியான தானியக் கிடங்குகளின் சுவரிலும் தரையிலும் அதைப் பூசும் வழக்கம் பரவியது. தானியத்தோடு நேரடியாகக் கலப்பதென்றால் ஒரு டன்னுக்கு ஒரு கிலோ முதல் மூன்று கிலோ வரை, அதாவது கிலோவுக்கு ஒன்று முதல் மூன்று கிராம். வண்டுகளில் எல்லாம் ஒரே மாதிரி மடிவதில்லை. அரிசி வண்டு ஓரளவு எளிதில் விழும். சிவப்பு மாவு வண்டும் தானியத் துளைப்பானும் தாக்குப்பிடிக்கும். தானியத்துக்குள் இடப்பட்ட முட்டையிலிருந்து வந்து உள்ளேயே வளரும் புழுவைத் தூள் தொடுவதே இல்லை; அது வண்டாகி வெளியே வரும்போதுதான் சிக்கும். ஆகவே வண்டு விழாத தானியத்தில் முன்கூட்டியே கலப்பது பயன் தரும். புழு பிடித்த பிறகு கலப்பது தாமதம்.

தூளுக்குத் தூள் தரமும் வேறுபடும். குரோவேஷிய ஆய்வாளர் ஸ்லாட்கோ கொருனிச் பல நாட்டு மண்களை ஒப்பிட்டு, நல்ல மண்ணின் அடையாளங்களைக் குறித்தார். தட்டிக் குலுக்கி நிரப்பினாலும் ஒரு லிட்டர் தூள் 300 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும்; தானியத்தின் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்; காரத்தன்மை மிகையாக இருக்கக் கூடாது. அந்த எடைக் கணக்கைச் சமையலறைத் தராசில் யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். கனமான தூள் என்றால் களிமண் அதிகம், அல்லது ஓடுகள் நொறுங்கி மாவாகியிருக்கின்றன.

தூளால் தானியம் காக்கும் உத்தி தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. துவரைக்குச் செம்மண் கட்டுவது கிராமங்களில் நெடுங்காலப் பழக்கம்: செம்மண்ணைக் குழைத்துப் பருப்பில் புரட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பிறகு சேமிப்பார்கள். விதைப் பயறில் அடுப்புச் சாம்பலைக் கலந்து பானையில் போட்டு வைப்பதும் அப்படித்தான். நுண்ணிய, உலர்ந்த, வினைபுரியாத தூள் வண்டின் மெழுகையும் நடமாட்டத்தையும் கெடுக்கிறது என்பதே இரண்டிலும் அடிப்படை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் 1950-களில் களிமண்ணைப் பதப்படுத்தி அதன் பூச்சிக்கொல்லித் திறனை ஆராய்ந்தார்கள். விதைப் பயறில் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ பதப்படுத்திய கயோலின் களிமண் கலக்கும் பரிந்துரை இன்றும் வேளாண் கையேடுகளில் இருக்கிறது. அது கிலோவுக்குப் பத்து கிராம். டயாட்டம் மண்ணுக்கு அதில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கே போதும். மேன்மை துளைகளில் இருக்கிறது, மண் என்பதில் அல்ல.

பெரிய ஆலைகளும் கிடங்குகளும் இதை முழுமனதாக ஏற்காததற்குத் தூள் தானியத்தில் ஒட்டுவதே காரணம். தூள் ஒட்டிய தானிய மணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது. குழாயில் தயங்கித் தயங்கி இறங்கும். அதே கொள்ளளவில் எடை குறையும். மரக்கால் கணக்கில் எடை பார்த்துத் தரம் பிரிக்கும் சந்தையில் இது நட்டம். அரவை இயந்திரமும் தேயும். வீட்டுச் சேமிப்புக்கு இந்தக் கவலைகள் இல்லை. பருப்பையும் அரிசியையும் சமைக்குமுன் களைவது எப்படியும் வழக்கம். தூள் அதிலேயே போய்விடும். களையாமல் நேரே அரைக்கும் மாவுக்கு மட்டும் இது பொருந்தாது.

வீட்டுக்குள் தூளின் களம் இடுக்குகள். கரப்பான் ஓடும் அலமாரிப் பின்புறம், சுவருக்கும் நிலைக்கும் நடுவே உள்ள விரிசல், கட்டில் சட்டத்தின் மூட்டு ஆகியவற்றில் தூசி படிந்ததுபோல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தூவினால் போதும். குவித்துக் கொட்டினால் பூச்சி அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். காற்றில் பறப்பதும் மனிதர் மூச்சில் போவதும்தான் மிஞ்சும். சமையல் மேடைத் தொட்டிக்கு அடியில் ஈரம் கசிகிறதென்றால் அங்கே இது வீண். மூட்டைப்பூச்சிக்கு உதவும், ஆனால் மெதுவாக. சோதனைகளில் செயற்கையாகத் தயாரித்த சிலிக்காஜெல் தூள் இதைவிட வேகமாக வேலை செய்திருக்கிறது. தூள் ஒட்டிய மூட்டைப்பூச்சி தன் கூட்டத்துக்குள் திரும்பிப்போய் மற்றவற்றின் மேலும் அதைத் தடவிவிடும் என்பது ஒரு சாதகம். எறும்பு விஷயத்தில் எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொள்வது நல்லது. வரிசையாய்ப் போகும் வேலைக்கார எறும்புகள் சாகும், அல்லது வழியை மாற்றும். புற்றுக்குள் இருக்கும் ராணிக்கு ஒன்றும் ஆகாது. நாய் படுக்கும் சாக்கிலும் பாயிலும் தெள்ளுப்பூச்சிக்குத் தூவலாம், சில நாள் கழித்து உதறிக் கழுவ வேண்டும். நாயின் உடம்பிலேயே தூவினால் அதன் தோலின் எண்ணெய்ப் பசையும் போகும், நாய் நக்கும்போதும் குலுக்கும்போதும் அதன் மூக்கிலும் புகும்.

வீட்டில் பூச்சிக்கு அப்பாலும் சில வேலைகள் உண்டு. வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பசைகளில் மென்மையான தேய்ப்பானாக இது சேர்கிறது. சிந்திய எண்ணெயை உறிஞ்சும், கழிவறைப் பெட்டியில் பூனை மூத்திரத்தின் நாற்றத்தை மட்டுப்படுத்தும். ஜப்பானில் இதைக் கலந்து சுவர்ப் பூச்சும், குளியலறை வாசலில் போடும் பலகை விரிப்பும் செய்கிறார்கள். ஈரப் பாதம் பட்டதும் நீரைக் குடித்து நொடியில் காய்ந்துவிடும். 2020-ன் இறுதியில் அப்படிப்பட்ட விரிப்புகள் சிலவற்றில் கல்நார் கலந்திருந்தது தெரியவந்து, அவை பெருமளவில் திரும்பப் பெறப்பட்டன. கேடு மண்ணில் இல்லை, அதோடு சேர்த்ததில் இருந்தது. ஆனால் நீர் உறிஞ்சாமல் போன விரிப்பை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு அந்த வேறுபாடு ஆறுதலாக இருந்திருக்காது.

தோட்டம் இந்தத் தூளுக்குக் கடினமான களம். காலைப் பனி விழுந்தால் போதும், கட்டிப்பட்டுவிடும். ஒரு தூறலில் கரைந்தோடும். நத்தைக்கு இது நல்ல வேலி என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நத்தை வெளியே கிளம்புவதே மழைக்குப் பிறகும் இரவு ஈரத்திலும்தான்; வேலி அப்போது சேறாகியிருக்கும். கூரையின் கீழ் வைத்த தொட்டிச் செடிகள், நாற்று மேடைகள், விதைப் பெட்டிகள் போன்ற இடங்களில் ஓரளவு பயன் கிடைக்கும். தண்ணீரில் கரைத்து இலைகளில் தெளிப்பவர்களும் உண்டு. நீர் காய்ந்து வெண்படலம் எஞ்சிய பிறகே அது வேலையைத் தொடங்கும். எல்லா இடத்திலும் ஒரு எச்சரிக்கை பொது: மெழுகுத் தோல் கொண்ட பூச்சி எல்லாமே இதற்கு இரை. அசுவினியைத் தின்னும் பொறிவண்டும், மகரந்தம் சுமக்கும் தேனீயும் விதிவிலக்கல்ல. பூக்களின் மேல் தூவக் கூடாது; தேனீ திரியும் பகலில் தூவக் கூடாது. மண்புழுவுக்கு மெழுகுத் தோல் இல்லை, ஈர மண்ணில் வாழ்கிறது. அதற்குப் பெரிதாகத் தீங்கில்லை.

மண்ணில் கலப்பது வேறு கணக்கு. அங்கே ஈரம் பகையல்ல, தேவை. சுட்டுக் கடினமாக்கிய டயாட்டம் மணிகள் நீரையும் காற்றையும் ஒருசேரப் பிடித்து வைக்கும். போன்சாய் வளர்ப்போர் அவற்றைத் தொட்டிக் கலவையில் விரும்பிச் சேர்க்கிறார்கள். இவை பொடியல்ல, குறுமணிகள், பறக்காது. இன்னொரு பயன் நெல்லுக்கு. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை அள்ளி உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் படியவைக்கிறது. பயிர் சாயாமல் நிற்பதற்கும் குலைநோயைத் தாங்குவதற்கும் அது உதவுகிறது. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டயாட்டம் மண்ணை நெல்லுக்குச் சிலிக்கா உரமாகச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்குமுன் உமியை நினைக்கலாம். உமிச் சாம்பலும் பெரும்பாலும் சிலிக்காதான். ஆலைகளுக்குப் பின்னால் அது குவிந்து கிடக்கிறது.

கோழி வளர்ப்பில்தான் இந்தத் தூளுக்கு இயல்பான இடம் அமைகிறது. கோழிகள் புழுதியில் புரள்வது பொழுதுபோக்கல்ல. இறகின் எண்ணெய்ப் பசையையும் பேனையும் செல்லையும் களைய அவை தாமே செய்துகொள்ளும் வைத்தியம். கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், கூண்டில்லாத கோழிகளுக்கு மணலோடு டயாட்டம் மண், கயோலின், கந்தகம் ஆகியவற்றைத் தனித்தனியே கலந்து புழுதிப் பெட்டிகள் வைத்தார்கள். மூன்றுமே சிற்றுண்ணியையும் பேனையும் குறைத்தன. கந்தகம் ஒரு படி மேலே நின்றது. பெட்டியில் இறங்கிப் புரளாத கோழிகளின் மேலும் அதன் பலன் எட்டியது. பகலில் கம்பு இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் சிவப்புச் சிற்றுண்ணிக்கு, கூடு உலர்ந்திருந்தால், கோழி உட்காரும் கம்பின் பொருத்துகளில் தூவுவது பலன் தரும். நனைந்த ஆழ்கூளத்தில் கொட்டுவது பலன் தராது. தீவன ஆலைகளில் இதே மண் வேறு வேலை பார்க்கிறது: தவிடும் தாது உப்பும் கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கிறார்கள். அமெரிக்க விதிகள் அதை மொத்தத் தீவனத்தில் 2 சதவீதத்துக்கு மிகாமல் அனுமதிக்கின்றன.

அந்த 2 சதவீதத்திலிருந்துதான் குடற்புழுக் கதை கிளைத்தது. தீவனத்தில் கலந்தால் ஆடு, மாடு, கோழி, நாய் எதன் வயிற்றுப் புழுவும் வெட்டுப்பட்டுச் சாகும் என்கிறார்கள் விற்பவர்கள். குடல் முழுவதும் ஈரம். புழு அந்த ஈரத்திலேயே மிதக்கிறது. உலர்த்திக் கொல்லும் தூளுக்கு அங்கே உலர்த்த ஒன்றுமில்லை. செம்மறியாடு, வெள்ளாடுகளில் செய்த சோதனைகளில் சாணத்தில் புழுமுட்டை எண்ணிக்கை நம்பத்தக்க அளவு குறையவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு சான்றும் உண்டு, அதை மறைப்பது முறையல்ல: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் திறந்தவெளிக் கோழிகளுக்கு 2 சதவீதம் கலந்து கொடுத்தபோது, புழுத் தொற்றுக்கு எளிதில் ஆளாகும் ஓர் இனத்தில் சில புழுக்கள் குறைந்தன, முட்டையும் சற்றுக் கூடியது. 2011-ல் வெளியான அந்த ஆய்வு இரண்டே இனக் கோழிகளைக் கொண்டது. அதிலிருந்து ஆட்டுக்கு மருந்து எழுத முடியாது. ஆட்டின் நான்காம் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் புழு இருந்தால், ஆடு வெளுத்து, தாடைக்கடியில் நீர்கோத்து, சில வாரங்களில் சாகும். அந்த வாரங்களைத் தூளை நம்பிக் கழிப்பது ஆட்டை இழப்பதற்கு நேரான வழி. கீழ் இமையைப் பிதுக்கி நிறம் பார்ப்பதும், சாணத்தைக் கால்நடை மருத்துவமனையில் சோதித்து உரிய புழுநீக்க மருந்து கொடுப்பதும் செலவு குறைந்தவை.

உணவுத் தரத் தூளிலும் படிகச் சிலிக்கா ஒரு சதவீதத்துக்குக் கீழ் இருக்கலாம். படிகமல்லாத சிலிக்கா புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. இருந்தும் அது தூசி. மூக்கையும் தொண்டையையும் உலர்த்தும், கண்ணை உறுத்தும், ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பைக் கிளப்பும். லொம்பாக் பகுதியில் பல ஆண்டுகள் சுட்ட தூளின் நடுவே உழைத்த தொழிலாளர்களிடம் சிலிக்கோசிசும் நுரையீரல் புற்றுநோயும் கூடுதலாகக் காணப்பட்டன. வீட்டில் எப்போதாவது தூவுபவரின் நிலை அதுவல்ல என்றாலும், தினமும் கோழிக்கொட்டகையில் கைநிறைய வீசுபவரின் நிலை அதிலிருந்து வெகுதூரமும் இல்லை. முகத்தோடு படியும் என்95 முகக்கவசம் போட்டு, காற்றில்லாத நேரத்தில், தரையோடு தாழ்த்தித் தூவ வேண்டும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. குழந்தைகளும் கோழிகளும் தூசி அடங்கிய பிறகு உள்ளே வரலாம். துப்புரவின்போது சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்தூளைப் பின்பக்கமாக ஊதிவிடும், அதன் வடிகட்டியும் அடைபடும். ஈரத்துணியால் துடைப்பதே எளிது. மிச்சத்தைக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. கனிமம் என்பதால் அதற்குக் காலாவதி என்று ஒன்றும் இல்லை. நனைந்துவிட்டாலும் வெயிலில் காயவைத்துக் கட்டியை உடைத்துச் சலித்துக்கொண்டால் மீண்டும் தூவலாம்.